பனியிலும் சேலை, குளிரிலும் வேட்டி: புலம்பெயர்ந்த வீட்டில் நம் உடையை உடுத்துவது எப்படி

கேள்வியின் சாரம் இது. டொராண்டோவில் வாழும் குடும்பம். ஜனவரியில் பொங்கலும் தமிழ் மரபுத் திங்களும் சேர்ந்தே வருகின்றன. தாய்க்குச் சேலை கட்டி அலுவலகம் போக ஆசை; குளிரும் மற்றவர் பார்வையும் தடுக்கின்றன. பத்து வயது மகன் வேட்டி என்றாலே ஓடுகிறான். மகள் ஜூனில் பட்டம் வாங்குகிறாள். அம்மம்மாவின் கூறைச் சேலையை வெட்டி ஏதாவது செய்து அணியலாமா என்று கேட்கிறாள்.

வெளிநாட்டில் நம் உடை அலமாரியிலேயே கிடப்பதற்கு வெட்கம்தான் காரணம் என்று பலர் சொல்வார்கள். பாதிக் காரணம் அதுவல்ல, துணி. 35 பாகை வெயிலில் கல்யாண மண்டபத்துக்கு என்று நெய்த துணியைச் சுழியத்துக்குக் கீழே 10 பாகைக் குளிரில் உடுத்தினால், நடுக்கமும் வழுக்கலும் பனிச்சேற்றில் நனைந்த கரையும்தான் மிச்சம். ஒருமுறை அப்படி ஆகிவிட்டால் அடுத்த ஆண்டு அந்தச் சேலை வெளியே வராது. துணியைச் சரியாகத் தேர்ந்து, உள்ளே சரியாக அடுக்கிக்கொண்டால் தயக்கத்தில் பெரும்பகுதி தானாகக் கரைந்துவிடும். மிச்சத்தைக் கரைக்க, உடுத்தியிருப்பது என்ன நெசவு, எந்த ஊர்த் துணி என்று இரண்டு வரியில் சொல்லத் தெரிந்தால் போதும்.

குளிர்நாட்டில் நம் உடை புதிதும் அல்ல. 1930 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் நோபெல் பரிசு வாங்கியபோது சி.வி. ராமன் தலைப்பாகையோடுதான் நின்றார். 2019 டிசம்பரில் அதே நகரில் பொருளியலுக்கான நோபெல் வாங்க அபிஜித் பானர்ஜி வேட்டிக்கு மேல் கழுத்து மூடிய கறுப்புக் கோட்டு அணிந்து வந்தார். அவரோடு பரிசைப் பகிர்ந்த, பிரெஞ்சுக்காரரான எஸ்தர் டூஃப்லோ சேலையில் வந்தார். பாரதியின் படங்களிலும் கறுப்புக் கோட்டும் தலைப்பாகையும்தான் நம் நினைவில் நிற்கின்றன. மேலே கம்பளிக் கோட்டு, கீழே வேட்டி என்பது நூறாண்டுக்கும் மேலாக நம்மிடம் இருக்கும் சேர்க்கை. அதைக் கலப்படம் என்று யாராவது முகம் சுளித்தால் கவலைப்பட வேண்டாம்.

கனடாவில் சூழலும் சாதகமாகவே இருக்கிறது. ஒன்டாரியோ 2014இல் தமிழ் மரபுத் திங்களுக்குச் சட்டம் இயற்றியது. 2016 அக்டோபரில் கனடிய நாடாளுமன்றமும் அதை ஏற்றது. அந்த மாதம் குளிரின் உச்சத்தில் விழுவதுதான் நமக்குச் சிக்கல்.

எந்தத் துணி

முதல் தவறு, குளிர்காலத்துக்குக் கனமான பட்டுதான் நல்லது என்று நினைப்பது. நல்ல காஞ்சிப் பட்டு அரங்கத்துக்குள் கதகதப்பாகத்தான் இருக்கும். ஆனால் தெருவில் இறங்கி, பேருந்து ஏறி, அலுவலகத்தில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து எழும் நாளுக்கு அது ஏற்றதல்ல. ஜரிகை கோட்டின் ஜிப்பில் சிக்கும். ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் பட்டால் கறுக்கும். அதை உள்ளரங்கக் கொண்டாட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அலுவலக நாளுக்கு நான் முதலில் சொல்வது செட்டிநாட்டுக் கண்டாங்கி. காரைக்குடிப் பக்கம் நெய்யும் தடித்த பருத்தி. 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. கடுகு மஞ்சள், அரக்கு, கறுப்பு என்று அழுத்தமான நிறங்கள், கட்டமும் கோடும், அகலமான கரை. நூல் தடிப்பாக இருப்பதால் உள்ளே அணிந்த கம்பளிக் கால்சட்டை வெளியே தெரியாது. எடுத்த கொசுவம் எடுத்த இடத்தில் நிற்கும். வீட்டு இயந்திரத்திலேயே குளிர்ந்த நீரில் மென்சுழற்சியில் துவைக்கலாம். முதல் இரண்டு சலவைக்கு மட்டும் தனியாகப் போடுங்கள், சாயம் கொஞ்சம் விடும்.

மதுரைச் சுங்குடி அழகானது. சௌராஷ்டிரச் சமூகத்தவர் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் பருத்தி அது. ஆனால் மெல்லிய நூல்; ஜூலை மாதக் கனடாவுக்கு அதைவிடச் சுகமானது இல்லை, ஜனவரிக்கு வேண்டாம். ஈழத்து வேர் உள்ள வீடு என்றால் அம்பாறை மாவட்டத்து மருதமுனையையும் தேடிப் பாருங்கள். தமிழ் பேசும் முஸ்லிம் நெசவாளர்களின் ஊர்; அங்கே நெய்த சாரமும் (கைலி) சேலையும் நல்ல கனம். இந்தியாவிலிருந்து வருவது மட்டும்தான் நம் துணி என்று பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது.

பட்டு வாங்குவதானால் இரண்டு இடங்களைப் புரட்டிப் பாருங்கள். ஒன்று, உடலும் கரையும் சேரும் கோடு. கரையையும் உடலையும் நெசவிலேயே கோத்துச் சேர்ப்பது கோர்வை; கைத்தறிக் கோர்வையில் உடலுக்கு ஒரு தறிநாடா, இரு கரைகளுக்கு இரண்டு என்று மூன்று நாடா ஓடும். நெய்பவருக்கு உதவியாக இன்னொருவரும் இருப்பார். அந்தச் சேர்க்கையில் உடல் நிறமும் கரை நிறமும் ஒன்றையொன்று பற்றிப் பின்னியிருக்கும். கரை நிறம் உடலுக்குள் கசியாது. விரலால் இரு பக்கமும் பிடித்து மெல்ல இழுத்தால் இடைவெளி விடாது. இரண்டாவது இடம், உடலும் முந்தானையும் சேருமிடம். பழைய பாவு (நீளவாட்டு நூல்) முடியும் இடத்தில் புதிய நிறப் பாவு நூலை ஒவ்வொன்றாகக் கையால் முறுக்கிச் சேர்ப்பார்கள், பிட்னி என்பார்கள். அங்கே சற்றுத் தடித்த, மெல்லச் சுருங்கிய பட்டை விரலுக்குத் தட்டுப்படும். அது குறையல்ல, கையால் சேர்த்ததன் அடையாளம். எல்லாக் கைத்தறிப் பட்டிலும் கோர்வையும் பிட்னியும் இருக்காது. ஆனால் கோர்வை என்று சொல்லி விற்கும் சேலையில் முதலாவதும், பிட்னி என்று சொல்லி விற்கும் சேலையில் இரண்டாவதும் தெரிய வேண்டும்.

பட்டு தானா என்று சந்தேகம் இருந்தால் ஓரத்திலிருந்து ஓர் இழையை எடுத்து எரித்துப் பாருங்கள். பட்டு முடி கருகும் வாடையோடு மெதுவாக எரிந்து, விரலில் பொடியாகும் கரியாக மிஞ்சும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். இணையத்தில் வாங்குபவர்கள் மத்திய பட்டு வாரியத்தின் சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

சேலையைக் குளிருக்குக் கட்டுவது

அடுக்கு முறை இதுதான்: தோலோடு ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளிக் கால்சட்டை, அதன் மேல் பருத்தி உள்பாவாடை, அதன் மேல் சேலை. கால்சட்டைக்கும் சேலைக்கும் நடுவே பருத்திப் பாவாடை கட்டாயம். சாட்டின் பாவாடை இரண்டு விதத்தில் கெடுக்கும். சேலை வழுக்கி இறங்கும். சூடேற்றிய அறையின் வறண்ட காற்றில் மின்னேற்றம் பிடித்துத் துணி காலைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். பருத்தி ஈரத்தை வைத்திருப்பதால் மின்னேற்றம் குறையும். அப்படியும் ஒட்டினால் உள்ளங்கையை லேசாக நனைத்துப் பாவாடையின் மேல் ஒருமுறை தடவிவிடுங்கள். அல்லது உலோக ஹேங்கர் ஒன்றைச் சேலைக்கும் பாவாடைக்கும் இடையில் மேலிருந்து கீழாக ஓட்டுங்கள்.

உள்பாவாடை நாடாவைக் கம்பளிக் கால்சட்டையின் இடுப்புப் பட்டைக்கு மேலே, நேராகத் தோலில் அல்லது உள்சட்டை மேல் விழும்படி கட்டுங்கள். எலாஸ்டிக் மேல் நாடா உட்கார்ந்தால் அரை மணியில் இரண்டும் சேர்ந்து இறங்கும். நாள் நடுவில் சேலை அவிழ்கிறது என்பவர்களில் பலருக்கு உண்மையான காரணம் இதுதான்.

கட்டும்போதே அன்று அணியப்போகும் காலணியைப் போட்டுக்கொள்ளுங்கள். பனிக்காலணிக்கு மூன்று, நான்கு சென்டிமீட்டர் உயரம் கூடும். வெறுங்காலில் கட்டிவிட்டு அதைப் போட்டால் கணுக்கால் தெரியும். அலுவலகத்தில் தட்டைச் செருப்புக்கு மாறுவீர்கள் என்றால் அந்தச் செருப்போடு கட்டுங்கள். வெளியே போகும்போது கொசுவத்தை மொத்தமாக ஒரு கை தூக்கி, பாவாடையோடு சேர்த்து இடுப்பில் செருகிக்கொண்டு, உள்ளே வந்ததும் இறக்கிவிடுங்கள்.

கொசுவம் ஐந்து முதல் ஏழு, ஒவ்வொன்றும் 12 செ.மீ. அகலம். தடித்த பருத்தியில் ஏழுக்கு மேல் எடுத்தால் வயிற்றில் மேடு கட்டும், கோட்டுப் பொத்தான் மூடாது. முந்தானையை மடிப்பாக எடுத்துத் தோளில் குத்துங்கள். ஊசியை பிளவுஸின் தையல் ஓரத்தில் குத்தினால் துணி கிழியாது. பட்டு என்றால் ஊசியின் சுருளில் ஒரு சிறு மணியைக் கோத்துக்கொள்ளுங்கள். சுருளுக்குள் இழை சிக்கித்தான் பட்டு முந்தானைகள் தோளில் ஓட்டை விழுகின்றன.

பிளவுஸுக்குப் பதிலாகக் கரையின் நிறத்தில் கழுத்து உயர்ந்த மெல்லிய கம்பளிச் சட்டை போடலாம். அது பார்க்கவும் நன்றாக இருக்கும், கைகளும் குளிராது. ஒரே நிபந்தனை: சட்டை உடலோடு ஒட்டியதாக இருக்க வேண்டும். தொளதொளத்த சட்டை மேல் முந்தானை நிற்காது. தைத்துக்கொள்ள விரும்பினால் முழுக்கை பிளவுஸுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை மீட்டர் துணி வேண்டும். பக்கத் தையலில் மூன்று செ.மீ. துணி உள்ளே விடச் சொல்லுங்கள், உள்ளே ஒரு தெர்மல் போட்டாலும் பிரித்துவிட்டு அணியலாம்.

கோட்டு போடுமுன் முந்தானையை வலப்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் செருகிவிடுங்கள். கோட்டுக்குக் கீழே தொங்கும் முந்தானை கார்க் கதவிலும் நகரும் படியிலும் மாட்டும். நகரும் படியில் அது விளையாட்டல்ல. முந்தானையைக் கையில் பிடித்துக்கொள்ளாமல் ஏறவே கூடாது.

சாலை உப்பு

குளிர்நாட்டில் சேலைக்கும் வேட்டிக்கும் முதல் எதிரி பனியல்ல, பனியை உருக்கத் தெருவில் கொட்டும் உப்பு. உருகிய உப்புத் தண்ணீர் பருத்தி ஓரத்தில் திரி போல மேலேறி, காய்ந்ததும் வெள்ளைக் கோடாக நிற்கும். அதைத் தேய்த்தால் உப்புப் பரல் இழையை அறுக்கும்.

பருத்தி என்றால் அன்றிரவே ஓரத்தை மட்டும் குளிர்ந்த நீரில் அரை மணி ஊறவையுங்கள். ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் போதும். பிறகு வெறும் நீரில் இரண்டு முறை அலசுங்கள். பட்டில் இதைச் செய்யாதீர்கள். ஈரம் பட்ட இடம் தனிக் கறையாக நிற்கும். சுத்தமான வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, கறையின் வெளியோரத்திலிருந்து உள்நோக்கி ஒற்றியெடுங்கள். மிச்சத்தை உலர்சலவைக்காரரிடம் விடுங்கள். உப்புக் கறை என்று சொல்லியே கொடுங்கள், அவர்கள் பயன்படுத்தும் கரைப்பானில் உப்பு கரையாது, தனியாகக் கவனிக்க வேண்டும்.

கீழ்க்கரையின் உட்புறத்தில் ஃபால்ஸ் என்ற துணிப்பட்டை தைத்த சேலைதான் இங்கே பிழைக்கும். கடையில் வாங்கிய பருத்தி ஃபால்ஸை ஒரு நாள் நனைத்துக் காயவைத்துவிட்டுத் தையுங்கள். நனைக்காமல் தைத்தால் முதல் சலவையில் அது சுருங்கி, கரை முழுக்க அலையடித்துப்போகும். பிரித்துத் தைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வேட்டி

நாலு முழம் என்பது ஏறத்தாழ இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஒற்றைச் சுற்று. எட்டு முழம் அதைப்போல் இரு மடங்கு; இரண்டாக மடித்துக் கட்டுவது. குளிருக்கு எட்டு முழம்தான். இரட்டை அடுக்கில் உள்ளே போட்ட தெர்மல் தெரியாது, காற்றும் அடங்கும். தெர்மல் வெள்ளையோ வெளிர் சாம்பலோ இருக்கட்டும். கறுப்பு என்றால் இரட்டை வேட்டியிலும் நிழலடிக்கும். நூல் எண் அதிகமானால் துணி மெல்லிசு. 100ஆம் எண் வேட்டி மணவறைக்கு நல்லது, பனிக்கு 40 அல்லது 60.

கட்டும் முறை: துணியின் நடுப்பகுதி முதுகில் வரும்படி இரு முனைகளையும் கையில் பிடித்து, இரு பக்கமும் சம நீளமா என்று பாருங்கள். வலக்கை முனையை இடது இடுப்புக்கு இழுத்து இறுக்கிப் பிடியுங்கள். இடக்கை முனையை அதன் மேல் வலது இடுப்புக்குக் கொண்டுபோங்கள். மூச்சை வெளியே விட்ட நிலையில் இறுக்குங்கள். மூச்சை இழுத்துக்கொண்டு கட்டினால் பிறகு தளரும். மேல்விளிம்பை மூன்று விரல் அகலத்துக்கு வெளிப்புறமாக இரண்டு முறை உருட்டி அழுத்துங்கள். பெல்ட் வேண்டுமானால் முதலில் பெல்ட்டைப் போட்டு, அதன் மேல் வேட்டி விளிம்பை உருட்டி இறக்குங்கள். கீழ்விளிம்பு பாதத்தின் மேற்புறத்தைத் தொட வேண்டும். தரையைத் தொட்டால் முதல் படியிலேயே மிதிபடும்.

பத்து வயதுப் பையனுக்கு ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) வைத்த வேட்டி வாங்கிக் கொடுங்கள். அது அசல் இல்லை என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். ஓடி விளையாடும் பையன் கூட்டத்தில் வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்று பயந்துகொண்டே நின்றால், பதினைந்து வயதில் அதைத் தொடவே மாட்டான். ஒட்டுப்பட்டையில் இரண்டு வருடம் நடமாடட்டும். கட்டப் பழகுவது பிறகு ஒரு மாலை வேலை. அவன் ஓடுவதற்குக் கூச்சம்தான் காரணம் என்று முடிவுகட்டுமுன், கஞ்சி போட்ட விறைப்பும் புதுச் சட்டையின் கழுத்துப்பட்டையும் குத்துகின்றனவா என்று பாருங்கள். ஒருமுறை துவைத்து, கஞ்சியில்லாமல் இஸ்திரி போட்டுக் கொடுத்தால் பாதிப் பிடிவாதம் போய்விடும். சிறுமிகளின் பட்டுப்பாவாடைக்கும் இதே கதைதான்: ஜரிகையின் பின்பக்க நூல் தொடையை உரசும். உள்ளே முழு நீளத்துக்கு மெல்லிய பருத்தி லைனிங் வைத்து, கீழே 10 செ.மீ. உள்மடிப்பு விட்டுத் தையுங்கள். இரண்டு பொங்கல் கூடுதலாகப் போடலாம்.

கரையின் நிறத்தையும் கவனியுங்கள். தமிழ்நாட்டில் கறுப்பு சிவப்புக் கரை திமுக, நடுவே வெள்ளையும் சேர்ந்தால் அதிமுக. நல்ல நிறச்சேர்க்கை என்று தெரியாமல் வாங்கி அணிந்துபோகும் பிள்ளையை ஊரிலிருந்து வந்த யாராவது கேள்வி கேட்பார்கள். மெல்லிய மஞ்சள் ஜரிகைக் கரையோ அரக்குக் கரையோ எங்கும் பொருந்தும்.

வெள்ளை வேட்டி ஒன்றுதான் தமிழன் உடை என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம். கட்டம் போட்ட கைலியும் சாரமும் தமிழ் முஸ்லிம் வீடுகளிலும் உழைக்கும் மக்களிடமும் தலைமுறை தலைமுறையாக இருப்பவை. 1913இல் தென்னாப்பிரிக்காவில் வேலைநிறுத்தம் செய்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, காந்தி மேல்நாட்டு உடையைக் களைந்து அந்தத் தொழிலாளர்களின் எளிய உடையில்தான் டர்பனில் பொதுமேடை ஏறினார். அவர்களில் பெரும்பங்கினர் தமிழர். ஜரிகை இல்லாத உடைக்கும் நம் வரலாற்றில் இடம் உண்டு.

அலுவலகம்

முதல் நாளே முழுப் பட்டும் நகையுமாகப் போக வேண்டாம். கண்டாங்கி, ஒற்றை நிற மேல்சட்டை, தேவையென்றால் மேலே பிளேசர். பிளேசரை முந்தானைக்கு மேல் போட்டுப் பொத்தானைத் திறந்து விடுங்கள். இடுப்பில் சேர்ந்து தைத்த குட்டை பிளேசர்தான் பொருந்தும், நீளமானது கொசுவத்தை அமுக்கும். மரபுத் திங்கள் நிகழ்ச்சி நாளில் மட்டும் கட்டினால் எல்லோருக்கும் அது மேடை உடையாகவே தெரியும். அதற்கு முந்தின வாரம் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஒருமுறை கட்டிப் போய்விடுங்கள். நிகழ்ச்சி நாளில் உங்களுக்கும் அது பழகிய உடையாக இருக்கும்.

ஒன்டாரியோவின் மனித உரிமைச் சட்டக்கோவை வேலையிடத்தில் வம்சாவளி, இனம், சமயநம்பிக்கை ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. கனடாவின் மத்தியக் காவல்படையே 1990இல் சீக்கிய அலுவலருக்குத் தலைப்பாகையை அனுமதித்தது. அதற்காக எங்கும் எதுவும் அணியலாம் என்று பொருளல்ல. சுழலும் இயந்திரம், ஆய்வகச் சுடர், மருத்துவமனையின் தொற்றுத் தடுப்புப் பகுதி ஆகிய இடங்களில் தொங்கும் துணி ஆபத்து. அங்கே பாதுகாப்பு விதிதான் முதலில். அப்படிப்பட்ட வேலையில் இருப்பவர்கள் கைத்தறித் துணியில் தைத்த சட்டையை அணியலாம். இரண்டு மீட்டர் கண்டாங்கித் துணியில் அரைக்கைச் சட்டை ஒன்று தாராளமாக வரும். கட்டம் பொருந்தும்படி வெட்ட கால் மீட்டர் கூடுதலாக வாங்குங்கள்.

கட்டத் துணி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். டொராண்டோவில் உங்கள் கரீபிய அயலாரும் நம் பக்கத்துத் துணியைத் தங்கள் மரபாக உடுத்துகிறார்கள். மதராஸ் துறையிலிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட பருத்தி செயின்ட் லூசியா, மார்த்தினீக், குவாதலூப் தீவுகளில் பெண்களின் தலைக்கட்டும் பாவாடையுமாகி, இன்று அவர்களின் மரபு உடையில் இருக்கிறது. பெயரும் மதராஸ்தான். ஜமைக்காவில் அதே கட்டத்தைப் பண்டானா என்பார்கள். அதை மேடைதோறும் அணிந்த கவிஞர் லூயிஸ் பெனட் தம் கடைசிக் காலத்தை டொராண்டோவில் கழித்து 2006இல் அங்கேயே மறைந்தார். மலாக்காவில் மலாய் பேசும் செட்டிகள், தமிழ் வணிகர் வழிவந்தவர்கள், கோயிலுக்குக் கெபாயா என்ற மலாய் மேல்சட்டையும் பாத்திக் சாரமும் அணிந்து போகிறார்கள். போன இடத்து உடையோடு சேர்ந்தும் ஒரு மரபு உயிரோடு இருக்கும். ஜீன்ஸுக்கு மேல் கண்டாங்கிச் சட்டை போடும் மகளைக் கண்டிக்குமுன் இதை எண்ணிப் பாருங்கள்.

அம்மம்மாவின் கூறை

வெட்டலாமா என்ற கேள்விக்குப் பதில் சேலையின் நிலையில் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் சன்னலுக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். மடிப்புக் கோடுகளில் ஊசிமுனை வெளிச்சம் வரிசையாகத் தெரிந்தால் பட்டு அங்கே அறுந்துவருகிறது. மறைவான ஓரத்தை இரு விரலால் மெல்ல இழுங்கள். சரசரவென்று பிரிந்தால் இனி அதைக் கட்ட முடியாது. அப்போது கரைகளையும் முந்தானையையும் காப்பாற்றி வேறு வேலைக்கு எடுக்கலாம். துணி உறுதியாக இருந்தால் வெட்டாதீர்கள். மகள் அதைக் கட்டிக்கொள்ளட்டும்.

ஆனால் பட்டமளிப்புக்குக் கறுப்பு அங்கியின் மேல் தோளில் அணியும் பட்டை செய்யத்தான் ஆசை என்றால், உறுதியான சேலையைக் கெடுக்காமலே ஒரு வழி உண்டு. இடுப்பில் முதலில் செருகும் உள்முனையிலிருந்து 95 செ.மீ. மட்டும் முழு அகலத்துக்கு வெட்டுங்கள். பிளவுஸ் துணி வெட்டப்படாமல் அந்த முனையில் இருந்து, அதன் நீளமும் கரையும் போதுமென்றால் இன்னும் நல்லது, அதையே எடுங்கள். வெட்டிய இடத்தில் அதே நிறப் பருத்தித் துணி 95 செ.மீ. சேர்த்துத் தைத்துவிட்டால், கட்டும்போது அந்தப் பகுதி முதல் சுற்றுக்குள் மறைந்துவிடும்.

வெட்டிய துண்டில் இரு கரைகளும் இருக்கும். ஒன்று இடத்தோளுக்கு, மற்றது வலத்தோளுக்கு. இரண்டும் ஒரே துண்டின் எதிரெதிர் ஓரங்கள் என்பதால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் தாமாகவே பொருந்தும். கோபுரக் கரை என்றால் இரு பக்கக் கோபுர முனைகளும் நெஞ்சின் நடுவை நோக்கி நிற்கும். பட்டையின் அகலம் 12 செ.மீ. போதும். கரை அதற்குக் குறைவென்றால் உடல் துணியில் கொஞ்சம் சேர்த்து வெட்டுங்கள். பின்புறம் ஒட்டுத்துணி வைத்து விறைப்பாக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜரிகைக் கனத்தில் பட்டை சுருளும். இஸ்திரியைக் குறைந்த சூட்டில் வைத்து, மேலே ஒரு பருத்தித் துணி போட்டு, முதலில் ஒரு துணுக்கில் சோதியுங்கள். ஜரிகையில் நேரடியாகச் சூடு பட்டால் மங்கும். செயற்கை ஜரிகை என்றால் உருகிவிடும். இரு பட்டைகளின் மேல்முனையையும் சற்றுச் சாய்வாக வெட்டி, பின்கழுத்தில் கோணமாகச் சேருங்கள். நேராகச் சேர்த்தால் கழுத்துக்குப் பின்னே துணி தூக்கி நிற்கும். பின்பக்கம் கறுப்புப் பருத்திச் சாட்டின் வைத்துக் கையால் மறைதையல் போடுங்கள். பல்கலைக்கழகம் சொந்தப் பட்டையை அனுமதிக்கிறதா என்று விழாவுக்கு ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள்.

பட்டையில் தமிழ் எழுத்தும் வேண்டும் என்றால், டி-ஷர்ட்டுக்கும் இது பொருந்தும், அச்சகத்துக்கு எழுத்தாகக் கோப்பை அனுப்பாதீர்கள். அவர்களின் மென்பொருளில் தெற்காசிய எழுத்தமைப்பு இயக்கப்படாமல் இருந்தால் ‘கொ’வின் கொம்பு தனியே போய் நிற்கும். பழைய பாமினி எழுத்துருவில் தட்டியது ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். யுனிகோடில் தட்டி, எழுத்தைக் கோட்டுருவாக (outline) மாற்றி, பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். அச்சுக்கு முன் மாதிரியைத் தமிழ் வாசிக்கத் தெரிந்த இருவர் பார்க்கட்டும். ள, ழ, ண பிழைகள் மார்பில் ஏறிய பிறகு திருத்த முடியாது. பூத்தையலுக்கு மெல்லிய எழுத்துரு ஆகாது. ஒற்றுப்புள்ளி நூலில் கரைந்து, ‘தமிழ்’ என்பது ‘தமிழ’ ஆகிவிடும்.

எடுத்து வைப்பது

ஜனவரி முடிந்ததும் எல்லாம் பெட்டிக்குள் போகும். பாதிச் சேலைகள் கெடுவது அங்கேதான். பட்டுச் சேலையை நன்றாகக் காற்றாடவிட்டு, துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரம் உள்ளேயே நின்று ஜரிகை கறுக்கும். கனமான பட்டுச் சேலையை ஹேங்கரில் தொங்கவிட்டால் மடியும் இடத்தில் கிழியும். அந்துருண்டை ஜரிகையைத் தொடவே கூடாது. நிலவறை கோடையில் ஈரம் பிடிக்கும், ஹீட்டருக்குப் பக்கத்து அலமாரி குளிர்காலத்தில் பட்டுத் துணியை வறட்டி நொறுங்க வைக்கும். இரண்டும் வேண்டாம், படுக்கையறையின் உட்சுவர் அலமாரி போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, பழைய மடிப்பிலிருந்து ஒரு சாண் தள்ளிப் புதிதாக மடியுங்கள். வேட்டியைக் கஞ்சி முழுவதும் போகத் துவைத்துவிட்டு வையுங்கள். கஞ்சி இருந்தால் வெள்ளிப்பூச்சி வரும், மடிப்பில் மஞ்சள் கோடும் விழும்.